கடல் மீனை நிறுத்தச் சொல்வது கதிர்வீச்சுக்காக அல்ல

வேலூரில் அணு மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம், ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே கடல் மீனையும் அயோடின் உப்பையும் நிறுத்தச் சொல்வோம். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு அம்மா உடனே கேட்டார்: "அப்போ வாட்ஸ்அப்ல வந்தது நிஜம்தானா சார்? ஜப்பான் கடல்ல திமிங்கலத்துக்கே கதிர்வீச்சு ஏறிடுச்சாமே?"

இரண்டுக்கும் சம்பந்தமில்லை. மீனில் உள்ள சாதாரண அயோடின் தைராய்டு செல்களில் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிட்டால், நாங்கள் கொடுக்கும் அயோடின்-131 சரியாகப் போய்ச் சேராது. சிகிச்சை முடிந்து டாக்டர் சரி என்றதும் தாராளமாக மீன் குழம்பு வைக்கலாம்.

ஆனால் அந்தத் திமிங்கலக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணு ஆலை 1970களில் ஐரிஷ் கடலில் விட்ட கழிவில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. அந்தப் பக்கத்து சீல்களின் (கடல்நாய்களின்) தசையில் பல வருஷம் கழித்தும் அதை அளந்தார்கள். ஆலையை விட்டுத் தள்ளிப் போகப் போக அளவு குறைந்தது. சீசியத்தை உடல் பொட்டாசியம் என்றே நினைத்துத் தசைக்கு அனுப்பும். இன்னொரு கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்ஷியம்-90ஐ கால்சியம் என்று நினைத்து எலும்பில் வைத்துக்கொள்ளும். சீசியம்-137 தானாகப் பாதியாகக் குறைய 30 வருஷம் ஆகும். நம் உடம்புக்குள் போனதோ பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறி, மூன்று மாதம் போலப் பாதியாகிவிடும். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் கசிந்த அயோடின்-131க்கு அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 8 நாள்தான். அது அந்த வருஷமே தீர்ந்த கதை. மிச்சமிருக்கும் சீசியத்துக்கு ஜப்பான் 2012 ஏப்ரலிலிருந்து, பொதுவான உணவில் கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று வரம்பு வைத்திருக்கிறது.

இன்னொன்று, யாரும் ஃபார்வர்டு செய்யாதது. கடல் உணவால் நமக்கு வரும் கதிர்வீச்சில் பெரும்பங்கு பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் தருவது. அணு உலையிலிருந்து வந்தது அல்ல, பெரும்பாலும் இயற்கையாகவே கடலில் இருப்பது. மீனின் குடலிலும் ஈரலிலும்தான் அதிகம் சேரும், அதனால் ஆயும்போதே நிறைய போய்விடும்.

என்னைக் கேட்டால், பெரிய கடல் பிராணிகளில் பயப்பட வேண்டியது பாதரசத்துக்கு. பெரியது சிறியதைத் தின்னத் தின்ன அது ஏறிக்கொண்டே போகும். வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். திமிங்கலத்தையும் ஓங்கிலையும் (டால்பின்) இங்கே வழக்கமாகச் சாப்பிடுவதில்லை. சுறா அப்படியில்லையே? பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு செய்கிறோம். பெரிய சுறாவில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் அதை விட்டுவிட்டு மத்தியோ நெத்திலியோ வாங்குங்கள், விலையும் குறைவு.