பிரைவேட் பைலட் செக்ரைட்: அமெரிக்க விதிகள் கேட்பது என்ன?

அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுவதற்கான பிரைவேட் பைலட் சான்றிதழை அந்நாட்டின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. தருகிறது. அதற்குமுன் வரும் கடைசிப் படி செய்முறைத் தேர்வு. ஓடுபாதை வட்டாரத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘செக்ரைட்’ என்பதுதான் புழக்கம். முதலில் வாய்மொழித் தேர்வு. அதில் தேறினால்தான் விமானத்தில் ஏறலாம். ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு, பைலட் சான்றிதழ்களுக்கான ‘பார்ட் 61’ விதித்தொகுப்பின்படி என்ன தேவை என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

வயது 17 ஆகியிருக்க வேண்டும். ஆங்கிலம் படிக்க, எழுத, பேச, புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். மாணவ பைலட் சான்றிதழும், குறைந்தது மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றும் வேண்டும். எழுத்துத் தேர்வில் 60 கேள்விகள், தேற 70 சதவீதம். அந்த முடிவு 24 காலண்டர் மாதங்களுக்குச் செல்லும்: 2025 மார்ச் 10-ல் எழுதியிருந்தால் 2027 மார்ச் 31 வரை. அமெரிக்கக் குடியுரிமை கட்டாயமில்லை. ஆனால் வெளிநாட்டவர் பயிற்சியைத் தொடங்கும் முன்பே போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ.வின் அனுமதியை வாங்கியிருக்க வேண்டும்.

தேர்வு நாளில் பலரைக் கவிழ்ப்பது பறக்கும் திறமை அல்ல, பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக்புக். மொத்தம் 40 மணி நேரம்; அதில் இன்ஸ்ட்ரக்டருடன் 20, தனியாக 10. இதை எல்லோரும் சரியாக வைத்திருப்பார்கள். இடறுவது உட்பிரிவுகளில்தான்.

இன்ஸ்ட்ரக்டருடன் பறந்த நேரத்துக்குள் கிராஸ்கன்ட்ரி (வேறோர் ஊருக்குப் போகும் தொலைதூரப் பறப்பு) 3 மணி, இரவில் 3 மணி, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 3 மணி, தேர்வுக்கான தயாரிப்பு 3 மணி இருக்க வேண்டும். கருவிப் பயிற்சி 2.9 என்று நின்றால் எக்ஸாமினர் 3 என்று வைத்துக்கொள்ள மாட்டார். இரவுக் கணக்கில் மொத்தத் தூரம் 100 நாட்டிகல் மைலுக்கு மேற்பட்ட ஒரு கிராஸ்கன்ட்ரியும், விமானம் முழுதாக நின்று மறுபடி கிளம்பிய 10 லேண்டிங்குகளும் தேவை. சக்கரம் தொட்டதும் மறுபடி மேலேறும் ‘டச் அண்ட் கோ’ இந்தப் பத்தில் சேராது. தயாரிப்பு 3 மணி நேரம் சமீபத்தியதாக இருக்க வேண்டும்: ஜூலை 18-ல் தேர்வு என்றால் மே 1 முதல் பறந்தது மட்டுமே கணக்கு. வானிலை கெட்டுத் தேர்வு ஆகஸ்ட்டுக்குத் தள்ளிப்போனால், மே மாதம் பறந்தது செல்லாமல் போய்விடும்.

தனியாகப் பறந்ததில் கிராஸ்கன்ட்ரி 5 மணி நேரம் வேண்டும். புறப்பட்ட இடத்திலிருந்து நேர்க்கோட்டில் 50 நாட்டிகல் மைலுக்கு மேல் தள்ளியுள்ள ஓரிடத்தில் இறங்கியிருந்தால்தான் அது கிராஸ்கன்ட்ரி. 47 மைல் தள்ளியுள்ள ஊருக்கு எத்தனை முறை போய்வந்தாலும் இந்த 5 மணியில் சேராது. நீண்ட பயணம் ஒன்று 150 மைல் இருக்க வேண்டும். மூன்று இடங்களில் இறங்கி முழுதாக நின்றிருக்க வேண்டும். அதில் ஒரு கட்டமாவது 50 மைலைத் தாண்ட வேண்டும். கட்டுப்பாட்டு கோபுரம் இயங்கும் விமான நிலையத்தில் தனியாக 3 டேக்ஆஃப், 3 லேண்டிங் என்பதும் உண்டு. கோபுரம் இல்லாத சிறு நிலையத்தில் பயில்பவர்கள் மறப்பது இதைத்தான்.

எழுத்துத் தேர்வில் தவறவிட்ட பகுதிகளை மறுபடி படித்துத் தேறியதாக இன்ஸ்ட்ரக்டர் கையொப்பமிட்டு எழுதும் சான்றுக் குறிப்பும் (என்டார்ஸ்மென்ட்) லாக்புக்கில் இருக்க வேண்டும். தேர்வுக்குத் தயார் என்று எழுதும் என்டார்ஸ்மென்ட் வேறு, இது வேறு.

தேர்வுக்கான விண்ணப்பம் எஃப்.ஏ.ஏ.வின் ‘ஐயாக்ரா’ இணையதளம் வழியாகப் போகிறது. நீங்கள் நிரப்ப வேண்டும், இன்ஸ்ட்ரக்டர் பரிந்துரைத்துக் கையொப்பமிட வேண்டும், அதன்பின் எக்ஸாமினர் திறப்பார். நம்மவர்களுக்கு இதில் தனித் தலைவலி ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, மருத்துவச் சான்றில் இனிஷியலாக, எழுத்துத் தேர்வு முடிவில் முன்பின் மாறி என்று கிடக்கும். தேர்வுத் தேதி வாங்கும் முன்பே எல்லாத் தாளிலும் ஒரே பெயர் வரும்படி திருத்திவிடுங்கள்.

எக்ஸாமினர் பெரும்பாலும் எஃப்.ஏ.ஏ. நியமித்த தனியார்தான், கட்டணத்தை அவரே வைக்கிறார். தாள்களைச் சரிபார்த்த பிறகு ‘தேர்வு இப்போது தொடங்குகிறது’ என்று அவர் சொல்வார். அதற்குமுன் குறை தெரியவந்தால் தேர்வே நடக்கவில்லை, அது தோல்வியாகாது. ஆனால் கட்டணம் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வாய்மொழித் தேர்வில் மனப்பாடப் பதில் வெகுதூரம் போகாது. ‘மூன்று நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள், வாடகையும் எரிபொருளும் சேர்த்து 400 டாலர். அவர்களிடம் எவ்வளவு வாங்கலாம்?’ உங்கள் பங்கு 100 டாலருக்குக் குறையக்கூடாது, ஆகவே அதிகபட்சம் 300. பங்கிடக்கூடியவை எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், வாடகை, இவ்வளவே.

விமானத்தின் பதிவேடுகளை மேசையில் வைத்து, இது இன்று பறக்கத் தகுதியானதா என்று நிறுவச் சொல்வார். வருடாந்தரச் சோதனை 12 காலண்டர் மாதத்துக்குள், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் சோதனை 24 மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். வாடகை விமானம் என்றாலே 100 மணி நேரச் சோதனை கட்டாயம் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அது தவறு, கட்டணத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும்போதோ, பயிற்சியையும் விமானத்தையும் ஒரே தரப்பு கட்டணத்துக்குத் தரும்போதோதான் அது கட்டாயம். அந்தப் பக்கங்களை முந்தின நாளே தேடிக் குறி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸாமினர் முன்னால் உட்கார்ந்து புரட்டினால் பதற்றம்தான் கூடும்.

வானில் என்ன பார்ப்பார் என்பதில் ரகசியமே இல்லை. தேர்வின் அளவுகோல்களைச் சொல்லும் ஏ.சி.எஸ். என்ற ஆவணத்தை எஃப்.ஏ.ஏ. இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது, எக்ஸாமினர் அதற்கு வெளியே போகமுடியாது. ‘ஸ்டீப் டர்ன்’ எனும் கடும் திருப்பத்தில் சாய்வு 45 டிகிரி, 5 டிகிரி கூடலாம் குறையலாம். உயரம் 100 அடி, வேகம் 10 நாட் வரை மாறலாம். இறக்கை தூக்கும் விசையை இழக்கும் ‘ஸ்டால்’ நிலையிலிருந்து, தரைக்கு மேல் 1,500 அடிக்குக் கீழே போகாமல் மீள வேண்டும். குறுகிய ஓடுபாதை லேண்டிங்கில் குறித்த புள்ளிக்கு முன்னால் தொடவே கூடாது, தாண்டினால் 200 அடிக்குள். இந்த லேண்டிங்கில்தான் தேர்வுக்கு வருபவர்கள் அதிகம் பிடிவாதம் பிடிக்கிறார்கள். வேகம் கூடிப்போய் விமானம் மிதக்கும், புள்ளி அடியில் ஓடிவிடும், அப்போது மூக்கை அழுத்தித் தரையைத் தொட முயல்வது மோசமான முடிவு. முடியாது என்று தெரிந்த கணமே பவரைக் கொடுத்து மேலே ஏறுங்கள். நேரத்தோடு எடுத்த ‘கோ அரவுண்ட்’ குறையாகாது. எக்ஸாமினர் விரும்பிப் பார்ப்பது அதைத்தான்.

ஒருமுறை எல்லை தாண்டினாலே தோல்வி என்று நினைக்க வேண்டாம். 120 அடி கீழே போனதைக் கவனித்து உடனே திருத்தினால் பெரும்பாலும் பிரச்சினையில்லை. தொடர்ந்து எல்லையை மீறுவது, மீறியதைத் திருத்தாமல் விடுவது, சுற்றிலும் வேறு விமானம் இருக்கிறதா என்று பார்க்காமல் திருப்பத்தைத் தொடங்குவது, எக்ஸாமினர் கைவைத்துக் காப்பாற்றும் நிலைக்கு விடுவது: தோற்க வைப்பவை இவை. விதிப்படி அந்தப் பறப்பில் பொறுப்பு பைலட் நீங்கள்தான். காற்று சரியில்லை என்று பட்டால் போகவேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமையும் உங்களுடையது.

வானிலையாலோ இயந்திரக் கோளாறாலோ பாதியில் நின்றால் இடைநிறுத்தக் கடிதம் கிடைக்கும். தேறிய பகுதிகள் 60 நாள் வரை செல்லும். தோற்றால் தேறாத பகுதிகள் குறித்த அறிவிப்புத் தாள் தருவார்கள். இன்ஸ்ட்ரக்டரிடம் மறுபயிற்சி எடுத்து, புதிய என்டார்ஸ்மென்ட் வாங்கி, 60 நாளுக்குள் திரும்பினால் விட்டதை மட்டும் காட்டினால் போதும். ஆனாலும் தேறியவற்றையும் மறுபடி கேட்க எக்ஸாமினருக்கு உரிமை உண்டு.

தேறினால் அன்றே தற்காலிகச் சான்றிதழ் கையில். அது 120 நாள் செல்லும், பிளாஸ்டிக் அட்டை தபாலில் வரும். கையொப்பமிடும் முன் பெயரையும் முகவரியையும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.