வீட்டுக் கொட்டகையில காருக்கு பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? ஹார்ட்னர் டப்பாவை திறக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

காரைக்குடி பக்கம் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வச்சிருக்கேன். இப்பல்லாம் பாதி வேலை முடிஞ்ச வண்டியோட நிறைய பேர் வர்றாக. வீடியோ பாத்து தானே பட்டி போட்டு, ஆன்லைன்ல கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் வாங்கி, வீட்டு கார் கொட்டகையிலயே அடிச்சுட்டு, அண்ணே கொப்புளம் கொப்புளமா வருது, உரியுதுன்னு வந்து நிப்பாக. பெயிண்ட்டை சுரண்டிட்டு திருப்பி அடிச்சுக்கலாம், காசோட போச்சு. அடிக்கும்போது என்ன மாஸ்க் போட்டீங்கன்னு கேட்டா மட்டும் முக்காவாசி பேர் கைக்குட்டைன்னு சொல்றாக, அங்கதான் எனக்கு பக்குனு இருக்கு.

பொழப்பு போயிடும்னு பயந்து எழுதுறான்னு நினைச்சுக்காதீங்க. சின்ன டென்ட் எடுக்கிறது, பட்டி பாக்குறது, ப்ரைமர் வரைக்கும் பொறுமை இருந்தா வீட்லயே பண்ணலாம்னுதான் நானே சொல்லுவேன். ஆனா அதுலயும் ரெண்டு மூணு விஷயம் தெரிஞ்சிருக்கணும். பட்டி 3 மில்லி மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாது, பள்ளம் பெருசா இருந்தா மொதல்ல தகரத்தை தட்டி எடுத்துட்டுதான் பட்டி. பட்டியை இறுக வைக்கிற ஹார்ட்னர் 100 கிராம் பட்டிக்கு ஏறக்குறைய 2 கிராம், டப்பாவுல போட்டிருக்கறதையும் பாத்துக்கங்க. நம்ம ஊரு சித்திரை வெயில்ல சீக்கிரம் இறுகுதேன்னு குறைச்சு போட்டா உள்ள சவசவன்னே கிடக்கும், அதிகமா கொட்டினா ஹார்ட்னரோட செகப்பு நிறம் மேல அடிச்ச வெள்ளை பெயிண்ட்ல கறையா ஏறி நிக்கும். அப்புறம் பட்டியை தண்ணி போட்டு தேய்க்காதீங்க. பழைய பழக்கம்தான், பட்டறைகள்லயே இன்னும் பண்றாங்க, ஆனா பட்டி தண்ணியை உறிஞ்சி வச்சுக்கும், மேல பெயிண்ட் போட்டு மூடிட்டா ஈரம் உள்ளயே மாட்டிக்கும், ஐப்பசி மழை முடியறதுக்குள்ள கொப்புளமா வெளிய வரும். 80, 180, 320ன்னு நம்பர் போட்ட உப்புத்தாளால வரிசையா காஞ்சபடியே தேய்ங்க, தண்ணி எல்லாம் ப்ரைமர் மேல மட்டம் பண்ண அடிக்கிற சர்ஃபேசருக்குத்தான். துரு இருந்தா சுத்தமா எடுத்துட்டு வெறும் தகரத்துக்கு எபாக்ஸி ப்ரைமர் போடுங்க. இரும்பு ஏன் துருப்பிடிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ற சிக்ரியை 1953ல இருந்து காரைக்குடியிலயே வச்சுக்கிட்டு, துரு மேலயே பெயிண்ட் அடிக்கிற ஊரு நம்ம ஊரு, என்னத்த சொல்ல.

காஞ்சபடி தேய்க்கிறதுல ஒரு விதிவிலக்கு இருக்கு. தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகள்ல அப்பச்சி காலத்து அம்பாஸடர், ஃபியட் இன்னும் நிக்குது, பேரப்பிள்ளைக ஊருக்கு வரும்போது அதை புதுசு பண்ணணும்னு ஆசைப்படுறாக. அந்தக் காலத்து பெயிண்ட்ல, முக்கியமா மஞ்சள் செகப்பு வகையிலயும் ப்ரைமர்லயும், ஈயம் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அதை காஞ்சபடி மிஷின் போட்டு தேய்ச்சா தூசி வீடு முழுக்க பரவும், தவழ்ற பிள்ளை அந்தத் தரையில கைய வச்சு வாயில வைக்கும். அதனால பழைய பெயிண்ட்டுன்னா தண்ணி போட்டுத்தான் தேய்க்கணும், தூசிக்கான மாஸ்க்கும் போடணும், முடிச்சதும் விளக்குமாத்தால கூட்டாம ஈரத்துணியால துடைச்சு எடுக்கணும், போட்டிருந்த சட்டையை தனியா துவைக்கணும்.

இப்ப கிளியர்ல கலக்குற ஹார்ட்னருக்கு வருவோம், பட்டி ஹார்ட்னர் வேற, இது வேற. காருக்கு மேல பளபளன்னு அடிக்கிற டூகே (ரெண்டு பொருளை கலந்து அடிக்கிற வகை) கிளியர்ல ஹார்ட்னர் கலக்குறோம்ல, அதுல ஐசோசயனேட்னு ஒண்ணு இருக்கு. ஸ்பிரே பண்ணும்போது பனி மாதிரி பொடியா பறந்து நெஞ்சுக்குள்ள போகும். வாசனையை வச்சு கண்டுபிடிச்சிடலாம்னா அதுவும் முடியாது, மூக்குக்கு தெரியறதுக்கு முன்னாடியே கெடுதல் பண்ற அளவு உள்ள போயிருக்கும். சில பேருக்கு ஒண்ணும் ஆகாது, சில பேருக்கு உடம்பு அதை பகையாளியா பழகிக்கும், அதுக்கப்புறம் கொஞ்சூண்டு பட்டாலே வீசிங், நெஞ்சு இறுக்கம், ராத்திரி இருமல்னு ஆஸ்துமா வந்துரும். யாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. எங்க லைன்ல நல்ல கைக்காரர் ஒருத்தர், கன் பிடிச்சார்னா கண்ணாடி மாதிரி ஃபினிஷிங் வரும், இன்னைக்கு அவரால பெயிண்ட் அடிக்கிற அடைச்ச ரூம், அதான் பூத், அதோட வாசலைத் தாண்ட முடியல, பக்கத்துல யாராவது ஹார்ட்னர் மூடியை திறந்தாலே மூச்சு வாங்குது. இப்ப வாட்டர் வாஷ் போட்டு உக்காந்திருக்கார்.

கைக்குட்டை, சர்ஜிக்கல் மாஸ்க், என்95 எதுவும் இதுக்கு உதவாது, என்95 தூசிக்கு மட்டும். கார்பன் கேட்ரிட்ஜ் மாஸ்க் கொஞ்சம் பரவாயில்ல, ஆனா கேட்ரிட்ஜ் தீந்து போனா வாசனை சொல்லிக் குடுக்காது, தாடி வச்சிருந்தா ஓரத்துல இடைவெளி விழும். சரியான முறைன்னா வெளிய இருந்து சுத்தமான காத்தை குழாய்ல கொண்டு வந்து குடுக்கிற மாஸ்க், கையுறை, முழு ஓவரால், ஏன்னா தோல்ல பட்டாலும் உடம்பு பகைச்சுக்கும். கூடவே காத்தை இழுத்து வெளிய தள்ற பூத். இதெல்லாம் வீட்ல யாரும் வைக்கப் போறதில்ல. வீட்டு நடுவுல வளவு, அதான் முற்றம், திறந்து கிடக்குதே, காத்து போகும்னு சொல்றாக, ஆனா கொட்டகையில அடிச்ச பனி அந்த வளவு வழியாத்தான் பட்டாசாலையில படுத்திருக்கிற ஆச்சிகிட்ட போகும். அதனால என் பேச்சு இதுதான்: ப்ரைமரும் ஐசோசயனேட் இல்லாத வகையா வாங்கி அதுவரைக்கும் நீங்க பண்ணிக்கங்க, அதுக்கு மேல கலரும் கிளியரும் பூத் இருக்கிற பட்டறையில குடுத்துடுங்க. பட்டி, தேய்ப்பு கூலி மிச்சம்தானே. சின்ன கீறலுக்கு ஸ்பிரே டப்பா போதும்னா, டப்பா அடியில பட்டனை அமுக்கிட்டு குலுக்குற மாதிரி இருந்தா அதுவும் டூகேதான், உள்ளயே ஹார்ட்னர் இருக்கு, ஏமாந்துடாதீங்க. சாதா டப்பாவை திறந்த வெளியில அடிங்க.

தின்னரும் லேசுப்பட்டதில்ல. அதோட ஆவி காத்தை விட கனம், தரையோட ஊர்ந்து போய் மூலையில தேங்கும். கொட்டகை ஓரத்துல இன்வெர்ட்டரோ மோட்டார் ஸ்விட்சோ இருந்து, யாராவது தெரியாம போட்டா ஒரு பொறி போதும். சாமி விளக்கையும் யோசிச்சுக்கங்க. கேஸ் வெல்டிங்கோ ஆர்க்கோ, வீட்ல வேணவே வேணாம். வண்டி கதவுக்கு உள்பக்கம், வண்டியோட தூண் ஓரம் எல்லாம் ஃபோமும் ஒயரும் ஓடும், மஞ்சக் கலர் கனெக்டர் கண்ணுல பட்டா அது ஏர்பேக்கோடது, அங்க சுத்தியலே எடுக்காதீங்க.

காசு பக்கம் ஒரு வார்த்தை. தட்டி முடிச்சிட்டு இன்சூரன்ஸ் கேட்டா கம்பெனிக்காரன் சேதத்தை எங்கன்னு கேப்பான், அதனால வேலையை தொடறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. சின்ன வேலைன்னா கிளெய்ம் பண்ணாம இருக்கிறதே சில நேரம் லாபம், ஏன்னா நோ கிளெய்ம் போனஸ்ங்கிற ப்ரீமியம் தள்ளுபடி முதல் வருஷம் 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 50 வரைக்கும் ஏறும், ஒரு கிளெய்ம் போட்டா அது போச்சு. முழு வண்டியும் கலர் மாத்துறதா இருந்தா ஆர்சி புத்தகத்துலயும் மாத்தணும், ஆர்டிஓ ஆபீஸ்ல மொதல்ல விசாரிங்க.

மிச்சமான ஹார்ட்னர் டப்பாக்குள்ள தண்ணியோ ஈரமோ போயிருச்சுன்னா இறுக்கி மூடி அலமாரியில வைக்காதீங்க, உள்ள கேஸ் உருவாகி டப்பா உப்பி வெடிச்சிரும். கலந்து மீந்த கிளியரை திறந்த வெளியில ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல வச்சு கல்லா இறுகினப்புறம் போடுங்க. கன் கழுவின தின்னரை கால்வாயில ஊத்தாதீங்க, மழை பெஞ்சா அது நேரா ஊருணிக்குத்தான் போகுது. மூடி போட்ட டப்பாவுல சேத்து வச்சு எங்கள மாதிரி பட்டறையில குடுங்க, தெளிஞ்சதை நாங்க திருப்பி கன் கழுவ வச்சுக்கிறோம்.