உடைத்தால்தான் வளைவில் உட்காரும்

கியூபாவின் தலைநகர் ஹவானாவின் மேற்கு விளிம்பில், கடலை ஒட்டி, ஹைமானிதாஸ் என்ற மீனவர் குடியிருப்பு இருக்கிறது. 1975இல் ஹொசே ஃபுஸ்தெர் என்ற பீங்கான் கலைஞர் அங்கே குடியேறினார். ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் கௌடி செய்த வேலைகள் அவர் மனத்தில் ஆழப் பதிந்திருந்தன. முதலில் தம் வீட்டுச் சுவரில் உடைந்த ஓடுகளைப் பதித்தார். பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு, பஸ் நிறுத்தம், மருத்துவரின் அறை, சதுரங்கப் பூங்கா என்று அது பரவி, இன்று 80க்கும் மேற்பட்ட வீடுகளைப் போர்த்தியிருக்கிறது. தம் ஓவியங்களையும் பீங்கான்களையும் விற்ற பணத்தைத்தான் இதற்குச் செலவிட்டார். தெருவுக்கே ஃபுஸ்தெர்லாந்தியா என்று பெயர் ஆகிவிட்டது.

அந்தத் தெருவில் நேர்கோட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மதில் அலையாக நெளிகிறது. கூரையில் சேவல் நிற்கிறது. வாசலில் கடற்கன்னி படுத்திருக்கிறாள். எல்லாவற்றின் மேலும் ஓடு. வளையவே வளையாத தட்டை ஓடு, உருண்டையான உடம்பில் எப்படி ஒட்டிக்கொள்கிறது?

ஒரு குடத்தின் மேல் காகிதத்தை மடிப்பு விழாமல் ஒட்டிப் பாருங்கள்; முடியாது. எந்தத் தட்டைப் பரப்பையும் நீட்டாமல் சுருக்காமல் கோளத்தின் மேல் படியவைக்க முடியாது என்பதை 1827இலேயே கணித மேதை காஸ் நிறுவிவிட்டார். காகிதமாவது கசங்கிக் கொடுக்கும். சுட்ட மண் அதற்கும் இடம் கொடுக்காது.

ஆனால் உடைக்கலாம். ஒரு மீட்டர் ஆரமுள்ள உருண்டையின் மேல் 30 சென்டிமீட்டர் அகல ஓடு ஒன்றை வைத்தால், நடுவில் தொட்டுக்கொண்டு ஓரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் சற்று மேல் தூக்கி நிற்கும். அதே ஓட்டிலிருந்து 3 சென்டிமீட்டர் சில்லை எடுத்து வையுங்கள். ஓரத்து இடைவெளி 0.1 மில்லிமீட்டர்தான். அகலம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் இடைவெளி நூற்றில் ஒன்றாகக் குறைகிறது. ஏனென்றால் அது அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்தப் பத்தில் ஒரு மில்லிமீட்டரைச் சிமென்ட் கலவை சத்தமில்லாமல் விழுங்கிவிடும். கௌடியின் கட்டலான் மொழியில் இந்த முறைக்குத் திரென்காதீஸ் என்று பெயர். உடைத்தல் என்ற வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

சில்லு ஒட்டுவது அதன் முதுகால். பளபளப்பான முகத்துக்குப் பின்னால் இருப்பது நுண்துளைகள் நிறைந்த சுட்ட மண். கலவையிலுள்ள நீர் சிமென்டின் கரைசலைச் சுமந்துகொண்டு அந்தத் துளைகளுக்குள் நுழைகிறது. உள்ளே படிகங்கள் வளர்ந்து, விரல்கள் கோத்ததுபோல் இறுகுகின்றன. ஓடு மிகவும் உலர்ந்திருந்தால் கலவையின் நீரையெல்லாம் உறிஞ்சிவிடும். சிமென்ட் இறுக நீரில்லாமல் தூளாக நின்றுவிடும். நம் கொத்தனார்கள் ஓடுகளைத் தொட்டி நீரில் ஊறவைத்துப் பதிப்பது இதனால்தான்.

வெப்பத்துக்கும் சில்லுதான் வசதி. 40 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் கான்கிரீட் சுமார் 0.4 மில்லிமீட்டர் நீளும். ஓடு கால் மில்லிமீட்டர் அளவே நீளும். பெரிய ஓட்டில் இந்த இழுபறி ஓரங்களில் சேர்ந்து பெயர்த்துவிடும். சில்லுகளுக்கு இடையே இணைப்புகள் ஏராளம். ஒவ்வொன்றும் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். தமிழ்நாட்டு மொட்டை மாடிகளில் வெள்ளைப் பீங்கான் சில்லுகளைப் பதிக்கும் 'சைனா மொசைக்' வேலைக்கும் இதே அனுகூலம் உண்டு.

இனி நிறம். கடற்கரை வெயிலில் சுவர்ச்சாயம் சில ஆண்டுகளில் வெளுத்துப் பொடியும். சாயத்தைப் பிடித்திருக்கும் கரிமப் பசையின் பிணைப்புகளைப் புற ஊதாக் கதிர்கள் அறுத்துவிடுகின்றன. ஓட்டின் மேலிருப்பதோ சாயமே அல்ல, கண்ணாடி. மணல் வகைச் சிலிக்காவோடு உலோக ஆக்சைடுகளைச் சேர்த்து, ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூளையில் உருக்கிய மெல்லிய படலம். கோபால்ட் நீலம் தரும், செம்பு பச்சை தரும், இரும்பு தேன் நிறமும் பழுப்பும் தரும். நூற்றுக்கு ஒரு பங்கு கோபால்ட் ஆக்சைடே ஆழ்ந்த நீலத்துக்குப் போதும். அதன் அயனிகள் கண்ணாடி வலைக்குள் சிறைப்பட்டு, ஒளியின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பகுதிகளை விழுங்கிவிட்டு நீலத்தைத் திருப்பி அனுப்புகின்றன. வெயில் அறுக்கத்தக்க கரிமப் பிணைப்பு அங்கே இல்லை.

கையால் பதித்த சில்லுகள் எல்லாம் ஒரே தளத்தில் படிவதில்லை. ஒவ்வொன்றும் ஓர் இம்மி சாய்ந்திருக்கும். வழுவழுப்பான ஒவ்வொரு முகமும் ஒரு குட்டிக் கண்ணாடி. நீங்கள் ஓரடி எடுத்து வைத்தால் சூரியன் ஒரு சில்லிலிருந்து அடுத்த சில்லுக்குத் தாவுகிறது. மதில் அசைவதுபோல் தோன்றுவது அதனால்தான். புகைப்படத்தில் இது கிடைக்கவே கிடைக்காது.

கண்ணாடி முகத்தைக் கடல் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இணைப்பு வழியே உள்ளே போகிறது. உப்பு நீர் ஓட்டின் முதுகை அடைந்து, உலரும்போது படிகமாகி, துளைகளுக்குள் அழுத்துகிறது. இன்னும் ஆழத்தில் குளோரைடு அயனிகள் கான்கிரீட்டின் கம்பியைத் துருப்பிடிக்கவைக்கின்றன. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கிறது.

பிடிமானம் விட்ட சில்லைக் காதால் கண்டுபிடிக்கலாம். கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போனால், இறுகியது கல்லாக ஒலிக்கும். பின்னால் வெற்றிடம் விழுந்தது டொக்கென்று சட்டிபோல் ஒலிக்கும். அந்தச் சில்லை மட்டும் பெயர்த்து, குழியைத் துடைத்து, நனைத்து, கையில் கிடைத்த வேறு ஓடு ஒன்றை உடைத்து அங்கே வைத்துவிடலாம்.