லாட்: இட்லிக் கொப்பரையில் இருக்கிற தமிழ்ச் சொல்

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் சொல் ‘லாட்’. “லாட் நம்பர் என்ன?”, “லாட் கலந்துருச்சு”, “இந்த லாட்டுல ஷேட் தூக்கலா இருக்கு.” ஒரே மெஷினில், ஒரே சாயநீரில், ஒரே நேரத்தில் ஒன்றாக ஊறி வெளிவரும் துணி ஒரு லாட். அதே நிறத்தை அதே அளவுக் குறிப்பின்படி மறுநாள் போட்டாலும் அது வேறு லாட்தான். தண்ணீரின் தன்மை, சூடு, உப்பு, நேரம் இவற்றில் ஒன்று சற்றே பிசகினாலும் நிறம் விலகும். உடம்புத் துணியை ஒரு லாட்டிலும் கையை இன்னொரு லாட்டிலும் வெட்டித் தைத்துவிட்டால், சட்டையை வெளிச்சத்தில் விரித்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

நூலுக்கும் லாட் உண்டு. பஞ்சுக் கலவை மாறும்போது நூற்பாலையில் லாட் எண்ணும் மாறும். இரண்டு லாட் கோன்கள் (நூல் சுற்றிய கூம்புகள்) ஒரே நிட்டிங் மெஷினில் ஏறினால் சாயம் போடாத துணியில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஏறியபிறகு பட்டை பட்டையாகத் தெரியும். அதற்குள் நிட்டிங் கூலியும் சாயக் கூலியும் போயிருக்கும். ஆலைகளில் கோன்களைப் புறஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். வேறு லாட் கோன் அங்கே வேறு சாயலில் ஒளிரும்.

ஆங்கிலத்தில் ‘லாட்’ என்ற சொல்லின் பழைய வடிவம் ‘ஹ்லாட்’. பங்கு பிரிக்கக் குலுக்கிப் போடும் மரத்துண்டைக் குறித்தது. அதிலிருந்து பங்கு, தலைவிதி என்ற பொருள்களும், பின்னர் ஏலத்தில் ஒன்றாக விற்கும் சரக்கு என்ற பொருளும் கிளைத்தன. லாட்டரியும் இதே வேர்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலைக்குத்தான் இந்தச் சொல் பக்கம். சாயத் தொட்டிக்குத் தூரம்.

லாட்டோடு சேர்ந்து புழங்கும் ‘பேட்ச்’ இன்னும் பொருத்தமானது. ரொட்டி சுடுவதைக் குறிக்கும் ‘பேக்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. ஒரு தடவை அடுப்பில் வைத்துச் சுட்டெடுத்த ரொட்டி ஒரு பேட்ச்.

தமிழில் இவற்றுக்குத் ‘தொகுதி’ என்று எழுதுகிறோம். எனக்கு அது ஒப்பவில்லை. எங்கிருந்து பொறுக்கிச் சேர்த்தாலும் தொகுதிதான். ஒன்றாக வெந்தது என்ற செய்தி அதில் இல்லை. அந்தச் செய்தியைச் சொல்லும் சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: “முதல் ஈடு இட்லி இறக்கியாச்சா?” இடு என்ற வினையின் முதல் எழுத்து நீண்டு ஈடு ஆயிற்று; கெடு கேடு ஆனதுபோல, படு பாடு ஆனதுபோல. ஒரு தடவை இட்டு எடுக்கும் அளவு ஈடு. ரொட்டி அடுப்பில் பிறந்த பேட்சுக்கு இட்லிக் கொப்பரையின் ஈட்டைவிட நேரான சொல் வேண்டுமா?

சொல்லில் இவ்வளவு கவனம் ஏன் என்றால், தொழிலின் கணக்கே இதைப் பற்றித்தான் ஓடுகிறது. சாயப்பட்டறைக்குப் பெரிய ஈடு ஆதாயம். தையலில் கதை வேறு. ஐந்து பேர் வரிசையாக, உருப்படிக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் எடுத்துத் தைக்கிறார்கள் என்று கொள்வோம். முப்பது முப்பதாகக் கட்டுக் கட்டிக் கைமாற்றினால், முதல் கட்டு ஐந்தாமவர் கைக்கு வரும்போது முதலாமவர் 120 உருப்படி தைத்து முடித்திருப்பார். அவர் செய்த பிழையை ஐந்தாமவர்தான் கண்டுபிடிக்கிறார் என்றால் 120-ஐயும் பிரிக்க வேண்டும். பத்துப் பத்தாக மாற்றினால் 40-தான்.

இன்னொன்று, வந்த வழி தெரிவது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பாக்டிங் வேறிடம், தையல் கூலிக்குத் தைத்துத் தரும் பவர்டேபிள்காரரிடம் என்று ஜாப் ஒர்க்கில் துணி ஊர் சுற்றுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சரக்கோடு போகும் செல்லான் சீட்டில் லாட் எண் ஏறினால்தான் கடைசிச் சட்டையிலிருந்து 170 கிலோ பஞ்சுப் பேல் வரை திரும்பி நடக்க முடியும். சீனாவின் சின்ஜியாங் பகுதிப் பஞ்சு கலக்கவில்லை என்று காட்டும்படி அமெரிக்கச் சுங்கம் 2022 ஜூன் முதல் கேட்பது இந்தப் பாதையைத்தான். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் தையல் ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, எந்த பிராண்டுக்கு அங்கே தைத்தார்கள் என்று அறிய இடிபாடுகளில் துணி லேபிள்களைத் தேட வேண்டியிருந்தது.

ஈடு என்றால் அடமானம் என்றும், நிகர் என்றும் பொருள் உண்டே என்று கேட்கலாம். தனியாக நின்றால் குழப்பம் வரலாம். சாய ஈடு, நூல் ஈடு, ஈட்டு எண், ஈடு கலப்பு என்று தொழிற்சொல்லோடு சேர்த்து எழுதினால் வராது. பேச்சில் லாட் இருந்துவிட்டுப் போகட்டும். துணிக்கட்டின் மேல் ஒட்டும் சீட்டிலும் கணினித் திரையிலும் ‘ஈட்டு எண்’ என்று அச்சடித்துப் பார்க்கலாம். இட்லி ஊற்றிப் பழகிய, தையலுக்கு உதவியாகக் கைமடிக்கும் அக்காவுக்கு அதை விளக்க வேண்டியிருக்காது.