வெயில் ஏறியும் தண்ணீர் ஏன் ஏறவில்லை?

"வெயிலு சுள்ளுன்னு அடிக்குது, மோட்டாரும் ஓடுது, தண்ணி மட்டும் ஏன் வரல?" காவேரிப்பட்டணம், காரிமங்கலம் பக்கம் சோலார் மோட்டார் போட்ட மாந்தோப்புக்காரர்கள் சித்திரையில் கேட்கிற கேள்வி இது. மோட்டாரில் கோளாறு இல்லை, சோலார் பலகையிலும் இல்லை. சூரியனுக்கும் போர்வெல்லுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

ஒரு சிலிக்கான் செல் தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பல செல்கள் சேர்ந்து ஒரு பலகை. பத்துப் பதினைந்து பலகைகளைத் தொடராக இணைத்தால் 5 ஹெச்.பி. மோட்டாருக்கு வேண்டிய சுமார் 5 கிலோவாட் கிடைக்கும். வெளிச்சம்தான் மின்சாரம் தருகிறது. சூடு அதைக் கெடுக்கிறது. 25 டிகிரிக்கு மேல் பலகை சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். கோடை நடுப்பகலில் பலகையின் சூடு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அப்போது எட்டில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

பலகை தருவது நேர்மின்சாரம். அதை மூன்று பேஸ் மாறுமின்சாரமாக்கி மோட்டாருக்கு அனுப்புவது கன்ட்ரோலர் பெட்டி. மின்வாரிய லைன் எப்போதும் 50 ஹெர்ட்ஸில்தான், அதாவது நொடிக்கு 50 சுற்றில்தான் வரும். கன்ட்ரோலரோ வெயிலுக்குத் தக்கபடி ஹெர்ட்ஸை ஏற்றி இறக்கி, மோட்டாரின் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் தெரியும்: 28, 31, 33 என்று எண் ஏறும், மேகம் மறைத்தால் சட்டென்று இறங்கும். அந்த நேரத்தில் தொட்டியில் விழும் குழாயின் வாயில் கை வைத்தால் காற்றுதான் வரும். எண் ஒரு எல்லையைத் தாண்டியதும் குழாய் இருமுறை கொப்பளித்துவிட்டுத் தண்ணீரைத் தள்ளும்.

சிக்கல் அந்த எல்லையில்தான். மோட்டாரின் வேகம் பாதியானால் அது தண்ணீரைத் தள்ளும் உயரம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். உயரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. தேவைப்படும் மின்திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. முழு வேகத்தில் 1,000 அடி வரை தள்ளக்கூடிய ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். முழு வெயிலில் 30 சதவீதமே இருக்கும்போது அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில், 33 ஹெர்ட்ஸில் ஓடும். அப்போது அதனால் தள்ள முடிவது சுமார் 450 அடி. தண்ணீர் 450 அடியில் நின்றால் காலையிலேயே மேலே வந்துவிடும். கோடையில் மட்டம் 700 அடிக்கு இறங்கினால்? 42 ஹெர்ட்ஸ் வேண்டும், அதற்கு 60 சதவீத வெயில் வேண்டும். அதுவரை மோட்டார் சுற்றும், குழாய்க்குள் தண்ணீர் பாதி உயரத்தில் நிற்கும், வெளியே ஒரு சொட்டும் வராது. சாயங்காலமும் இதே கதை. பயிர் தண்ணீருக்குத் தவிக்கும் மாதத்தில்தான் மோட்டாரின் வேலை நேரம் இரு முனையிலும் சுருங்குகிறது.

அளவும் குறைகிறது. 1,000 லிட்டரை 450 அடி தூக்க, மோட்டார், பம்பு இழப்புகளைச் சேர்த்தால், ஏறக்குறைய 0.9 யூனிட் ஆகும். 700 அடிக்கு 1.5 யூனிட்டை நெருங்கும். பலகைகள் நாளுக்கு 20 யூனிட் தந்தால், முன்னதற்கு சுமார் 22,000 லிட்டர், பின்னதற்கு 14,000 லிட்டர்தான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரியின் அடியில் இருப்பது கடினப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் தங்கும். மணல் படுகை போல ஊறி வராது. ஆழத்தில் வெகுகாலம் பாறையோடு கிடந்த தண்ணீரில் ஃப்ளோரைடும் சேர்ந்துவிடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய ஊர்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இங்கே கட்டணமில்லாத வெயிலைக் கொடுத்துப் பகல் முழுக்க இறைக்கச் சொல்வது எனக்கு அச்சம் தருகிறது. தண்ணீர் மட்டம் மேலாக இருக்கும் வங்கதேசத்தில் ஒரே சோலார் பம்பு பல விவசாயிகளின் நெல்லுக்குப் பாய்கிறது. லைனே போகாத ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கும் அது வரம்தான். நம் போர்வெல்லின் கணக்கு வேறு.

ஆனாலும் பகல் மின்சாரத்தின் அருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ராத்திரி த்ரீ பேஸ் வரும்போது டார்ச்சோடு வயலுக்குப் போவது, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை காட்டோரத்தில் யானைக்கும் பாம்புக்கும் நடுவே போவது. வெயில் மின்சாரம் அந்த ஒரு பயத்தைத் தீர்த்தாலே பெரிய காரியம்.

அதற்கு ஒவ்வொரு போர்வெல்லுக்கும் தனித்தனிப் பலகை வேண்டியதில்லை. விவசாய மோட்டார்களுக்கு மட்டும் போகும் மின்பாதையைப் பிரித்து, துணைமின் நிலையத்துக்கு அருகில் தரிசில் சோலார் வைத்தால், பகலில் சீரான 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். மழை மாதங்களில் மோட்டார் ஓய்ந்திருக்கும்போது அந்த மின்சாரம் ஊருக்குப் போகும். தனிப் பலகையில் அது அப்படியே வீண். விவசாயத்துக்குச் சோலார் மின்சாரம் தர மத்திய அரசு 2019-ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் இதற்கு இடம் தரப்பட்டது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி கிராமத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2016-ல் கூட்டுறவு தொடங்கி, பாசனம் போக மிஞ்சிய சோலார் மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றார்கள். யூனிட்டுக்குக் காசு வருகிறது என்றால் தேவைக்கு மேல் இறைக்க யாருக்கும் மனம் வராது.

இங்கே அதைச் செய்ய மீட்டர் வேண்டும். தமிழ்நாட்டில் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. 23 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது. மீட்டர் வந்தால் நாளைக்கு பில் வரும் என்ற விவசாயியின் பயம் நியாயமானது. விற்றதை மட்டும் கணக்கிடும், பயன்படுத்தியதற்கு வசூலிக்காது என்று அரசு எழுத்தில் கொடுத்துவிட்டு, முதலில் ஒரே ஒரு மின்பாதையில் செய்து காட்டட்டும். பாலக்கோட்டில் தக்காளி வயல்களுக்குப் போகும் பாதையிலிருந்தே தொடங்கலாம்.