இரும்புக்குள் மறைந்திருக்கும் எண்

1969 மே 30. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத் தடத்தில் 33 கார்கள் அணிவகுத்து வர, முன்னால் போனது கூரை திறந்த ஒரு வெள்ளை ஷெவர்லே கேமரோ. மேலே ஆரஞ்சுப் பட்டைகள், உள்ளே ஆரஞ்சுக் கட்டம் போட்ட இருக்கைகள். ஓட்டியவர் 1960-இல் இதே பந்தயத்தை வென்ற ஜிம் ராத்மன். இண்டி 500 என்ற இந்தப் பந்தயத்தைக் கார்கள் ஓடிக்கொண்டேதான் தொடங்கும். வரிசை கலையாமல் வேகத்தைக் கூட்டி அழைத்து வந்து, பச்சைக் கொடி அசைவதற்குள் விலகிவிடுவது இந்த ‘பேஸ் கார்’ செய்யும் வேலை. அன்று வென்றவர் மரியோ ஆண்ட்ரெட்டி.

அதே தோற்றத்தில் 3,675 கார்களைச் செய்து பொதுமக்களுக்கும் விற்றது ஷெவர்லே. ஒஹையோ மாநிலத்து நார்வுட் ஆலையில் பிறந்த இவற்றின் குறியீடு இசட்11. சிலவற்றில் 5.7 லிட்டர் எஞ்சின், சிலவற்றில் 6.5 லிட்டர்.

இன்று ஒன்று விற்பனைக்கு வந்தால் உண்மையானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெள்ளை பெயின்ட்டை யாரும் அடிக்கலாம். சேசிஸ் நம்பரைப் படித்தால் எட்டு சிலிண்டர், திறந்த கூரை, 1969, நார்வுட் என்பது வரை தெரியும். பேஸ் கார் என்று அதில் இருக்காது. இசட்11 என்ற எழுத்து எஞ்சின் அறைச் சுவரில் ரிவெட் அடித்த சின்னத் தகட்டில்தான் உண்டு. தகட்டையும் போலியாகச் செய்துவிடலாம். அதனால் காரின் இரும்பையே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் எஞ்சின் பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமைந்த இரும்பு உடல். சிலிண்டர்களை மேலே மூடும் வலது ஹெட்டுக்கு முன்னால் ஒரு சிறிய சமதளம் இருக்கும். ஆலையில் வரிசையாகப் பற்கள் கொண்ட ஒரு வெட்டுக்கருவி அதை ஒரே இழுப்பில் சீவும். அப்போது விழும் மெல்லிய இணைகோடுகளுக்கு மேல்தான் எஞ்சின் குறியீட்டைக் குத்துவார்கள். பிற்பாடு யாராவது எண்ணை மாற்ற நினைத்தால் பழையதை அராவித் தேய்க்க வேண்டும். கோடுகளும் சேர்ந்து போய்விடும். பட்டறையில் சுழலும் கருவியால் மறுபடி சீவியிருந்தால் வளைவான தடங்கள் தெரியும். பழகிய கண்ணுக்கு ஒரு லென்ஸ் போதும்.

அடுத்தது உடல். ஹீட்டர் பெட்டி மறைக்கும் இடத்தில் சேசிஸ் நம்பரின் ஒரு பகுதி எஃகில் குத்தப்பட்டிருக்கும். அதை அராவி அழித்திருந்தால்? எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் இங்கேதான் இருக்கிறது. கட்டுக்கம்பியை ஒரு முறை வளைத்துவிட்டு நிமிர்த்திப் பாருங்கள். வளைந்த இடம் முன்பைவிட விறைப்பாகியிருக்கும். உள்ளே படிகங்கள் நசுங்கி இடம் மாறியதுதான் காரணம். எண்ணைக் குத்தும்போதும் இதே நடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தைவிட ஆழமாக அந்த நசுங்கல் இறங்கிவிடுகிறது. மேற்பரப்பைத் தேய்த்தாலும் அடியில் எண்ணின் வடிவத்திலேயே தங்கியிருக்கும். அங்கே தாமிர குளோரைடு கலந்த அமிலத்தைத் தடவினால், நசுங்கிய எஃகும் நசுங்காத எஃகும் வெவ்வேறு வேகத்தில் அரிபடுகின்றன. அந்த வேறுபாட்டால் அழிந்த எண் மங்கலாக எழுந்து வரும். மிக ஆழமாகத் தேய்த்துவிட்டால் மட்டும் மீளாது. திருட்டு வண்டிகளின் எண்ணையும் தடயவியல் கூடங்களில் இப்படித்தான் மீட்கிறார்கள்.

புதுப்பிக்கும் ஆர்வத்தில் இந்தச் சாட்சிகளை நாமே அழித்துவிடக் கூடாது. எஞ்சினைப் பட்டறைக்கு அனுப்பும் முன் அந்தச் சமதளத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அதில் கருவி படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அழுக்கு படிந்திருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தால் போதும்; உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.