ஏர் டேங்க் ஓட்டையை அடைத்துத் தர மாட்டேன்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. "அண்ணே, அடியில பொட்டு மாதிரி ஒரு ஓட்டை, ஒரு வெல்டிங் வச்சுத் தந்தா போதும்" என்று பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி ஆட்டோவில் கம்ப்ரசரைக் கொண்டுவந்து இறக்கினார். ரப்பர் மரத்தில் கட்டில், அலமாரி செய்கிறவர், பெயிண்ட் அடிக்க வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டிருக்கிறார். மூடிப்போன ஒரு டயர் கடையிலிருந்து பழையதாக வாங்கினாராம். மேலே புது நீலப் பெயிண்ட் பளபளக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் புட்டி அப்பியிருக்கிறது!

மார்த்தாண்டத்தில் இருபது வருடமாக எனக்குக் கம்ப்ரசர் ரிப்பேர் வேலைதான். வெல்டிங் மிஷினும் கடையில் கிடக்கிறது. இருந்தும் மாட்டேன் என்றால் "தண்ணித் தொட்டிய அடைக்கிறீங்க, இத அடைக்க மாட்டீங்களா?" என்று கோபிக்கிறார்கள்.

சரி, ஒரு தடவை பொறுமையாகச் சொல்கிறேன். ஏர் டேங்க் வெளியே அடிபட்டு ஓட்டையாவது அபூர்வம், உள்ளே துருப்பிடித்துத்தான் ஓட்டையாகும். நம் ஊர்க் காற்றில் ஈரம் எவ்வளவு என்று இடவப்பாதி மழையில் துணி காயப்போட்டவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றை 8 கிலோ பிரஷருக்கு (ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 8 கிலோ அழுத்தம்) அழுத்தினால் ஈரம் தண்ணீராகப் பிரிந்து அடியில் தேங்கும். 2 எச்.பி. மிஷின் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் மழைக்காலத்தில் கால் லிட்டரை நெருங்கும். அந்தத் தண்ணீர் வருடக்கணக்கில் கிடந்து தகட்டைத் தின்றிருக்கிறது. தின்று முடித்த முதல் இடம்தான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற பொட்டு, அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தகடு அப்பளமாகத்தான் இருக்கும். அதன்மேல் வெல்டிங் வைத்தால் சூட்டில் பக்கத்துத் தகடு இன்னும் பலவீனமாகி, வெல்டிங் ஓரத்திலேயே விரிசல் விடும். போதாக்குறைக்கு உள்ளே ஆயில் படிந்திருக்கும், அதில் தீப்பொறி பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா?

"காத்து நிக்குதே, கசியலையே" என்பார்கள் அடுத்து. நேற்று நின்றது, அவ்வளவுதான். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள டேங்கின் ஒரு பக்க மூடியை 8 கிலோ பிரஷரில் காற்று கிட்டத்தட்ட 10 டன் பலத்தோடு தள்ளுகிறது. தகடு பாதியாகத் தேய்ந்தால் அதே பிரஷரில் தகட்டின் மேல் இழுவிசை இரட்டிப்பாகும். தண்ணீர்த் தொட்டி பிளந்தால் தரை நனையும், காற்று டேங்க் பிளந்தால் சுவரே பெயரும். அதனால்தான் டெஸ்ட் பண்ணும்போது டேங்கில் தண்ணீரை நிரப்பி, ஓடுகிற பிரஷரைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்க்கிறோம். காற்றை ஏற்றி டெஸ்ட் பண்ணுகிற வீரர்களும் இந்த ஊரில் உண்டு, அவர்கள் பக்கத்தில் நிற்காதீர்கள்.

பழைய மிஷினில் காற்றை அழுத்துகிற பம்பைத் திரும்பக் கட்டலாம். அந்தக் காலத்து வார்ப்பிரும்புப் பம்பு தங்கம். ரிங், வால்வு பிளேட், கேஸ்கெட் மாற்றி, ஹெட்டில் படிந்த கரியைச் சுரண்டி, கம்ப்ரசர் ஆயில் ஊற்றினால் இன்னும் பத்து வருடம் ஓடும் (பைக்குக்கு வாங்கிய ஆயிலில் மிச்சத்தை ஊற்றாதீர்கள், வால்வில் கரி கட்டும்). நின்ற மோட்டார் திரும்ப எடுக்கும்போது 'ம்ம்ம்' என்று உறுமினால் உடனே கெப்பாசிட்டர் வாங்க ஓடவேண்டாம், பெரும்பாலும் என்.ஆர்.வி. வால்வு (டேங்க் காற்றைப் பம்புக்குத் திரும்ப விடாத வால்வு) கசிந்து பம்பு தலைமேல் பிரஷர் நிற்கும். டேங்க் மட்டும் திரும்பக் கட்டுகிற சாமான் இல்லை. மாற்றத்தான் வேண்டும்.

தினமும் வேலை முடிந்ததும் அடியிலுள்ள டிரெயினைத் திறந்துவிடுங்கள். குனியச் சோம்பலாக இருந்தால் ஒரு எல்போ போட்டு, இரும்புக் குழாயில் வெளியே இழுத்து, நுனியில் பால் வால்வு வையுங்கள், நூறு இருநூறு ரூபாய்ச் செலவு. வருகிற தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தால் டேங்கின் பிளக்கை (திருகு மூடியை) கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சேஃப்டி வால்வு வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், அது சீறுகிறது என்று கழற்றிவிட்டு போல்ட் போட்டு அடைப்பவர்களை என்ன சொல்ல? காற்று லைனுக்கு பி.வி.சி. பைப் வேண்டவே வேண்டாம், வெடித்தால் கண்ணாடிபோலச் சிதறும். அப்புறம், தயவுசெய்து, பிள்ளைகள் மேல் தூசி தட்ட ஏர் கன்னை நீட்டாதீர்கள்.

அந்தத் தம்பியின் டேங்கை அவர் முன்னாலேயே கட்டரில் அறுத்துக் காட்டினேன். அடித்தகட்டில் ஸ்குரூ டிரைவரைக் குத்தினால் உள்ளே போகிறது. பம்பை வேறு டேங்கில் ஏற்றிக் கொடுத்தேன். பழைய டேங்கை ஆக்கர் கடைக்கு (பழைய இரும்புக் கடை) போடுவதற்கு முன் இரண்டு துண்டாக்கிவிட்டேன். முழுசாகப் போனால் யாராவது இன்னொரு கோட் பெயிண்ட் அடித்து, அடுத்த மாதம் என் கடைக்கே கொண்டு வருவார்கள்.